மரக் கவாத்துத் தொழில்: "விறகை எடுத்துக்கொள், கூலி வேண்டாம்" என்பவரிடம் என்ன சொல்வது?

கேள்வி, 2024 ஜூன் 8

கோயம்புத்தூரில் மரக் கவாத்து (மரம் நலமாக நிற்பதற்காகக் கிளைகளைத் தேர்ந்து வெட்டுவது), தோட்ட அமைப்பு ஆகிய வேலைகளைச் சிறிய அளவில் தொடங்கியிருக்கிறேன். தோட்டக்கலையில் பட்டயம் படித்தவன். இரண்டு உதவியாளர்கள், ஒரு பவர் ரம்பம், வாடகைக்குப் பிடிக்கும் ஒரு 'சின்ன யானை' சரக்கு வண்டி, இவ்வளவுதான் கையிருப்பு. செய்தித்தாளுக்குள் நோட்டீஸ் வைத்துப் பார்த்தேன். விசிட்டிங் கார்டும் அடித்துக் கொடுத்தேன். வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல், "விறகை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், வெட்டுவதற்குக் கூலி எதற்கு?" என்பதில் வந்து நின்றுவிடுகின்றன. மர வியாபாரிகள் காசு வாங்காமலே வெட்டித் தருகிறார்களாம். விலையைக் குறைப்பதா, விளம்பரத்தைக் கூட்டுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில், 2024 ஜூன் 9

தம்பி, விலையைக் குறைக்காதீர்கள். விறகைக் கூலியாகவும் வாங்காதீர்கள். இந்த இரண்டையும் முடிவு செய்த பிறகுதான் விளம்பரத்தைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

மர வியாபாரிக்கு வருமானம் எடையில் இருக்கிறது. தொடை பருமன் உள்ள கிளை டன் கணக்கில் சேரும். விரல் பருமன் உள்ள குச்சி அவருக்கு வண்டியை அடைக்கும் குப்பை. ஆகவே அவர் முதலில் கை வைப்பது மரத்தைத் தாங்கி நிற்கும் பெரிய கிளைகளில்தான். நாம் செய்ய வேண்டிய கவாத்தோ இதற்கு நேர் எதிரானது. காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, கூரைமேல் சாயும் கிளை, உட்புறம் அடர்ந்து காற்றை மறிக்கும் சிம்புகள் ஆகியவற்றை எடுத்துவிட்டு, தாங்கு கிளைகளை விட்டுவைக்க வேண்டும். எடை போட்டு விற்பவரிடம் கவாத்தை ஒப்படைப்பது, கசாப்புக் கடைக்காரரிடம் ஆட்டுக்கு வைத்தியம் பார்க்கச் சொல்வது போன்றது.

வீட்டுக்காரருக்கு இது உடனே தெரிவதில்லை. மொட்டையடித்த தூங்குமூஞ்சி மரம் சில மாதங்களில் பச்சைப்பசேலென்று துளிர்த்துவிடுவதால், "பாருங்கள், மரம் எவ்வளவு செழிப்பாக வந்துவிட்டது" என்று அவர் மகிழ்ந்தும் போகிறார். அந்தத் துளிர்கள் வெட்டுவாயின் ஓரத்தில், பட்டைக்கு அடியிலிருந்து கிளம்பியவை. தண்டின் உள்மரத்தோடு அவற்றுக்குப் பிடிமானம் குறைவு. வேகமாக நீண்டு, கனத்து, இரண்டு மூன்று ஆடிக் காற்றுக்குள் கிழிந்து விழுகின்றன. அதற்குள் வெட்டுவாய் வழியாகத் தண்டும் அழுகத் தொடங்கியிருக்கும். கூரை ஓடு உடைந்ததும் அதே வியாபாரி மறுபடியும் "இலவசமாக" வருவார்.

இதை வாடிக்கையாளரிடம் கோபமாகச் சொல்லக் கூடாது. "அவர் விறகுக்காக வெட்டுகிறார், நான் மரம் நிற்பதற்காக வெட்டுகிறேன், விறகு உங்களுடையது, நீங்களே விற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, எந்தக் கிளையை எடுப்பேன், எதைத் தொடமாட்டேன் என்று மரத்தடியில் நின்று கை நீட்டிக் காட்டுங்கள். கேட்பவர்களில் பலர் அப்போதும் வியாபாரியைத்தான் கூப்பிடுவார்கள். மீதிப்பேர்தான் உங்கள் தொழில்.

2024 ஜூன் 11

கசாப்புக் கடை உவமைக்குத் திருப்பூரிலிருந்து ஒரு மரக்கடைக்காரரின் மகன் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார். பட்டுப்போன மரத்தையும் காற்றில் சாய்ந்த மரத்தையும் அவருடைய தந்தையைப் போன்றவர்கள் எடுக்காவிட்டால் யார் எடுப்பார்கள் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். இறந்த மரத்துக்கு அவர்களே பொருத்தமானவர்கள். வண்டி, கயிறு, ஆள்பலம் எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. நான் எழுதியது உயிருள்ள மரத்தைப் பற்றி. ஆட்டு வைத்தியத்தை மட்டும் அவர்கள் செய்ய வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.

2024 ஜூன் 16

விலைப்புள்ளி எழுதுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். தொலைபேசியில் விலை சொல்லாதீர்கள். "ஒரு மாமரம், நடுத்தர உயரம்" என்று சொல்லப்பட்ட மரம், நேரில் போனால் மூன்று வீட்டுக் கூரைகளுக்கும் ஒரு மின்கம்பிக்கும் நடுவே நிற்கும்.

ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று சொல்வதைவிட, ஒரு நாள் வேலைக்கு எனக்கு என்ன செலவு என்று முதலில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: ஏறுபவர் கூலி, கீழே கயிறு பிடிப்பவர் கூலி, வண்டி வாடகை, பெட்ரோல், சங்கிலி எண்ணெய், சங்கிலித் தேய்மானம், காப்பீட்டின் அன்றைய பங்கு, மழையால் வேலை நின்றுபோகும் நாட்களின் பாரம், அதற்கு மேல் உங்கள் ஊதியம். தொடங்குகிறவர்கள் தங்கள் ஊதியத்தை இதில் எழுதுவதே இல்லை. மிச்சம் எதுவோ அதுவே ஊதியம் என்று விட்டுவிடுவார்கள். அந்தக் கணக்கில் பெரும்பாலும் மிச்சம் இராது. பிறகு இந்த மரம் அரை நாளா, ஒரு நாளா என்று பார்த்து விலை எழுதுங்கள். கழிவை அப்புறப்படுத்துவதைத் தனி வரியாகப் போடுங்கள். குப்பைக்கும் காசா என்பார்கள். ஆம், வெட்டுவதைவிட அள்ளுவதற்குத்தான் அதிக நேரம் ஆகிறது.

விலைப்புள்ளியிலேயே வேலைமுறையையும் எழுதிவிடுங்கள். உயிருள்ள கிளைத்தொகுதியில் ஓர் ஆண்டில் கால் பங்குக்கு மேல் எடுக்கமாட்டோம். கனமான கிளையை மூன்று வெட்டில் இறக்குவோம்: முதலில் அடிப்புறத்தில் ஒரு கீறல், அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, கனம் இறங்கிய பின் கிளை தொடங்கும் இடத்துத் தடித்த வளையத்துக்கு வெளிப்புறமாகக் கடைசி வெட்டு. அந்த வளையத்தைச் சீவி எடுத்துவிட்டால் காயம் மூடாது. முளைபோல நீட்டிவிட்டாலும் மூடாது.

வெட்டுவாயில் என்ன பூச வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். சாணமும் செம்மண்ணும் பூசுவார்கள், தார் பூசுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ 1970களில் ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது என்னவென்றால், மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அழுகல் பரவாமல் சுவர் எழுப்பித் தனிப்படுத்துகிறது, மேல்பூச்சு அதற்குப் பெரிதாக உதவுவதில்லை என்பதுதான். இதை விளக்கிய பிறகும் வாடிக்கையாளர் வற்புறுத்தினால் மாமரத்துக்கு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவிவிட்டு வாருங்கள். சண்டை போட வேறு நல்ல காரணங்கள் வரும்.

2024 ஜூன் 30

இன்று விளம்பரம்.

காலையில் சாய்பாபா காலனிப் பக்கம் போகும்போது ஒரு வேப்பமரத்தில் தகரப் பலகை ஒன்று ஆணியடித்துத் தொங்கியது. "மரம் பராமரிப்பு, தோட்டம் அமைத்தல்" என்று எழுதி, கைபேசி எண்ணும் இருந்தது. அந்த எண்ணை அழைத்து, பலகை தொங்கும் மரத்துக்கே முதலில் பராமரிப்பு தேவைப்படுகிறது என்று சொல்லலாமா என நினைத்து விட்டுவிட்டேன். மரத்தில் ஆணி அடித்து விளம்பரம் செய்வோருக்கு மாநகராட்சிகள் அபராதம் விதிக்கின்றன. ஆணிகளைப் பிடுங்குவதற்கென்றே ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். மரத்தை விரும்புகிற அந்தத் தன்னார்வலர்தாம் நம்முடைய முதல் வாடிக்கையாளர். அவர் கையில் குறடோடு நம் பெயரைப் படிக்க வேண்டாம்.

நோட்டீஸ் பலன் தராததற்குக் காரணம் அது சரியான நாளில் சரியான ஆளிடம் போகாததுதான். மரத்தைப் பற்றி மனிதர்கள் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோதான் நினைக்கிறார்கள்: காற்று அடித்த மறுநாள், அண்டை வீட்டார் சண்டைக்கு வந்த நாள், வீட்டில் விசேஷம் வைத்த மாதம். அந்த நாளில் அவர்கள் கூகுள் வரைபடத்தில் தேடுவார்கள், அல்லது குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கேட்பார்கள். இந்த இரண்டு இடங்களிலும் உங்கள் பெயர் இருந்தால் போதும். கூகுளில் தொழில் விவரப் பக்கம் தொடங்கக் கட்டணம் இல்லை. வாடிக்கையாளரிடம் "நல்ல சேவை" என்று எழுதச் சொல்லாதீர்கள். என்ன மரம், எந்தப் பகுதி, என்ன சிக்கல், எப்படி முடிந்தது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். "வடவள்ளியில் கிணற்றோரம் சாய்ந்த தென்னையைச் சுவர் உடையாமல் இறக்கினார்கள்" என்ற வரியைப் படிப்பவருடைய வீட்டிலும் ஒரு தென்னை சாய்ந்திருக்கும்.

இதில் நம் தொழிலுக்கே உரிய ஓர் இடைஞ்சல் உண்டு. புகைப்படத்தில் முன்னும் பின்னும் காட்ட வேண்டும் என்று விளம்பரம் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். பெயிண்ட் அடிப்பவருக்கும் குளியலறை கட்டுபவருக்கும் அது பொருந்தும். நல்ல கவாத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை அருகருகே வைத்தால், "என்ன செய்தீர்கள்?" என்றுதான் பார்ப்பவர் கேட்பார். மொட்டையடித்தவரின் படம்தான் பளிச்சென்று வேலை நடந்ததுபோல் தெரியும். நான் வெகுகாலம் குழம்பியது இதில்தான். இப்போது மரத்தின் முழுப் படத்தைப் போடுவதில்லை. வெட்டுவாயை அருகிலிருந்து எடுத்த படத்தையும், அதே வெட்டுவாயைப் பட்டை வளையம்போல் சுற்றிவந்து மூடத் தொடங்கியிருக்கும் மறு ஆண்டுப் படத்தையும் போடுகிறேன். இதற்காக மறு ஆண்டு அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. போனால் பெரும்பாலும் அங்கேயே அடுத்த வேலை கிடைக்கிறது; படம் எடுக்கப் போவதன் உண்மையான ஆதாயம் அதுதான்.

2024 ஜூலை 1

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது: "மரம் வெட்டித் தரப்படும்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் வெட்டச் சொல்பவர்கள்தாம் வருவார்கள்.

2024 ஜூலை 21

ஆடி பிறந்துவிட்டது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊருக்குள் இறங்கிவிட்டது. தொலைபேசி ஓயவில்லை. இந்த மாதத்தில் புதிய வாடிக்கையாளரைத் தேட வேண்டியதில்லை, இருப்பவருக்கு வரிசை சொல்லுவதே வேலை. ஆபத்தான கிளை முதலில், அழகு வேலை புரட்டாசிக்கு என்று பிரித்துவிடுங்கள்.

மின்கம்பிக்கு அருகில் நிற்கும் மரங்களைத் தனிப் பட்டியலாக வைத்திருங்கள். ஒவ்வொரு துணை மின்நிலையத்துக்கும் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை நாள் அறிவிக்கிறார்கள். செய்தித்தாளில் பகுதிவாரியாக வரும். அந்தப் பகுதி மரங்களை அந்த நாளுக்கு ஒதுக்கினால் வேலை எளிது. அறிவிப்பை மட்டும் நம்பி ஏறிவிடக் கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி, அவர்களுடைய ஆள் வந்து கம்பியில் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பிறகே ரம்பத்தைத் தூக்க வேண்டும். பணி சீக்கிரம் முடிந்தால் மதியத்திலேயே மின்சாரம் கொடுத்துவிடுவார்கள். வீடுகளில் இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும் வேறு ஓடிக்கொண்டிருக்கும்.

ஏறுவதற்கு முன் கூடுகளைப் பாருங்கள். தேன்கூடாவது கண்ணுக்குத் தெரியும். தென்னங்குருத்துக்குள்ளும் மரப்பொந்திலும் இருக்கும் கதண்டு தெரியாது, கொட்டினால் உயிர் போகும். கதண்டுக் கூட்டை நீங்களே கொளுத்த முயலாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், வருவார்கள்.

2024 ஆகஸ்ட் 4

தென்னைக்குப் போவோம், பொள்ளாச்சித் தோப்புக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சுருள் வெள்ளை ஈ நாட்டில் முதலில் கண்டறியப்பட்டதே 2016இல் பொள்ளாச்சிப் பக்கம்தான். தோப்பில் அது விளைச்சல் பிரச்சினை. நகரத்தில் கார் பிரச்சினை. ஈ கழிக்கும் இனிப்பு நீர் கீழோலைகளில் படிந்து, அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்து, அடியில் நிறுத்திய வெள்ளைக் கார் கறுப்பாகிவிடும். வீட்டுக்காரர் உடனே "மருந்து அடியுங்கள், இல்லையென்றால் தென்னையை வெட்டுங்கள்" என்பார்.

மருந்து அடித்துக் காசு வாங்குவது மிக எளிது. அடித்தால் இந்த ஈயின் குஞ்சுகளைத் தின்று கட்டுப்படுத்தும் என்கார்சியா என்ற குளவியினச் சிற்றுயிரும் சேர்ந்து செத்துவிடும். சில வாரங்களில் ஈ முன்னைவிடக் கூடுதலாகத் திரும்பிவரும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை எளிமையானது: ஆமணக்கு எண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி, ஓலையின் அடிப்புறத்தில் விசையாக நீர் பீய்ச்சுதல், கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துத் தெளித்தல். மைதா காய்ந்து ஏடாக உரிந்து விழும்போது பூசணமும் அதோடு போய்விடும். மைதாவுக்கா இவ்வளவு கூலி என்று ஒருவர் கேட்டார். பரோட்டாவுக்கும் அதே மைதாதான் என்று எங்கள் மரமேறி மேலிருந்து பதில் சொன்னார். கூலி வந்தது.

காண்டாமிருக வண்டுக்கு வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் ஒன்றுக்கு இரண்டு பங்காகக் கலந்து, குருத்துக்கு அடுத்த மூன்று மட்டைகளின் இடுக்கில் இடுவது பழைய, மலிவான, இன்றும் பலிக்கிற முறை. காய் பறிக்க ஏறும்போதே செய்துவிடலாம்; அதைத் தனி வரியாக ரசீதில் எழுதுங்கள்.

2024 ஆகஸ்ட் 18

அனுமதி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. தெருவோர மரம் வீட்டு வாசலில் நின்றாலும் வீட்டுக்காரருடையது அல்ல. மாநகராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ அதற்குப் பொறுப்பு. பொது இடத்து மரங்களை அகற்றும் கோரிக்கைகளை ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு ஆராய்கிறது. "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் வெட்டுங்கள்" என்று சொல்லும் வீட்டுக்காரர், வழக்கு வரும்போது ஊரில் இருக்கமாட்டார். சந்தனம், ஈட்டி, தேக்கு என்றால் பட்டா நிலமானாலும் வனத்துறையிடம் கேட்காமல் தொடாதீர்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பங்களாத் தோட்ட வேலை கிடைத்தால், மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே இருக்கிறது. தனியார் நிலத்து மரத்துக்கும் அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் அனுமதி வேண்டும். அனுமதி நகல் கைக்கு வராமல் முன்பணம் வாங்காதீர்கள்.

2024 செப்டம்பர் 15

தோட்ட அமைப்பைப் பற்றி இதுவரை எழுதவில்லை. இணையத்தில் பார்த்த ஒரு படத்தைக் கைபேசியில் காட்டி "இதே மாதிரி வேண்டும்" என்பார்கள். படத்தில் இருப்பது மழை பெய்துகொண்டே இருக்கும் ஊராக இருக்கும். நம் ஊர் மலைமறைவில் கிடக்கிறது. சென்னைக்குக் கிடைக்கும் மழையில் பாதி அளவுதான் இங்கே. வேப்பமர நிழலில் கொரியன் புல் கேட்பார்கள். நல்ல வெயில் இல்லாத இடத்தில் அது திட்டுத்திட்டாக மஞ்சளாகிச் செத்துவிடும். நிழல் தாங்குவது பஃபலோ புல். அதுவும் வராத அடர்நிழலில் புல்லே வேண்டாம், சருகைப் பரப்பிவிட்டு நிழல் தாங்கும் செடிகளை வையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். சருகுக்குப் பணமா என்று கேட்பார்கள். இந்தத் தொழிலில் விறகு, குப்பை, மைதா, சருகு என்று எதற்குமே பணம் கிடையாது போலிருக்கிறது.

செடிகள் பெரும்பாலும் ஆந்திரத்துக் கடியத்திலிருந்து லாரியில் வருபவை. கோதாவரிப் படுகையின் களிமண் உருண்டையோடு வரும். அப்படியே நம் செம்மண்ணில் புதைத்தால், சுற்றியுள்ள மண் நனைந்தாலும் உருண்டைக்குள் நீர் இறங்காமல் செடி வாடும். சில நாள் நிழலில் வைத்துத் தேற்றி, உருண்டையின் ஓரத்தைக் கையால் உதிர்த்துவிட்டு நடுங்கள். செத்த செடிக்கு மாற்றுச் செடி தருவோம் என்று உறுதி எழுதுவதாக இருந்தால், நீர் ஊற்றும் பொறுப்பு யாருடையது என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள்.

அமைப்பில் ஒரு முறை வருமானம். பராமரிப்பு ஒப்பந்தத்தில் மாதந்தோறும் வருமானம். ஆகவே அமைப்பின் லாபத்தைக் குறைத்துக்கொண்டாவது ஓராண்டுப் பராமரிப்பைச் சேர்த்து வாங்கப் பாருங்கள். குடியிருப்பு வளாகங்களில் நான் செய்வது இது: ஞாயிறு காலை சங்கச் செயலாளரோடும் விருப்பமுள்ள குடியிருப்போரோடும் வளாகத்தைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு மரத்துக்கும் பெயர், நிலை, செய்ய வேண்டியது, அவசரம் உண்டா இல்லையா என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். அதற்குக் கட்டணம் இல்லை. பட்டியலில் பாதி மரங்களுக்கு எதிரே "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று இருக்கும். அந்தப் பாதியைப் படித்த பிறகுதான் மற்றப் பாதியை நம்புகிறார்கள்.

2024 அக்டோபர் 20

பணம் வசூலாவது. வீடுகளில் வேலை முடிந்த அன்றே கிடைத்துவிடும். நிறுவனங்கள் இழுத்தடிக்கும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளுங்கள். இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள், இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தத்தின்படி, இந்தக் கெடு தாண்டி ஆண்டுக் கடைசியிலும் கொடுக்காமல் வைத்திருக்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாக நிறுவனம் காட்ட முடியாது. ஆகவே ரசீதின் மேலேயே உத்யம் எண்ணை அச்சிடுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்.

சரக்கு சேவை வரி: சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். செடிகளுக்கு வரி இல்லை, தோட்டப் பராமரிப்புச் சேவைக்கு 18 விழுக்காடு. இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக ஒப்பந்தம் எழுதினால் முழுவதற்கும் வரி கேட்க இடம் உண்டாகும். பெரிய வேலை எடுக்கும் முன் கணக்காளரிடம் காட்டுங்கள்.

2024 அக்டோபர் 22

உதவியாளர்களுக்குக் காப்பீடு அவசியமா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வி விளம்பரத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

வேலையில் ஒருவர் விழுந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு சட்டப்படி உங்களுடையது. "தினக்கூலிதான், நிரந்தர ஆள் இல்லை" என்ற வாதம் உங்களைக் காப்பாற்றாது. அந்தப் பொறுப்புக்கான காப்பீட்டை எடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் திட்டத்தில் ஒவ்வொருவரையும் வங்கிக் கணக்கு வழியாகச் சேர்த்துவிடுங்கள். அது போதாது, இருந்தாலும் சேருங்கள். தென்னை ஏறுபவர் என்றால் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீட்டையும் கேட்டுப் பாருங்கள்.

கருவிகளில், இடுப்பில் கட்டும் நைலான் கயிற்றோடு மரத்தில் நின்று பவர் ரம்பம் பிடிப்பது மிக ஆபத்தானது. சங்கிலி பட்ட மாத்திரத்தில் கயிறு போய்விடும். ரம்பம் பிடிக்கும் இடத்தில் உள்ளே எஃகுக் கம்பி ஓடும் இடுப்புக்கயிறு வேண்டும், அதோடு இரண்டாவது கயிறும் வேண்டும். எங்கள் மரமேறிகளில் மூத்தவர் வெகுநாள் பெல்ட் போட மறுத்தார். நாற்பது ஆண்டு ஏறுகிறேன், எனக்கா என்றார். "அண்ணா, உங்களுக்கு வேண்டாம், உங்களைப் பார்த்து ஏறுகிற பையனுக்காகப் போடுங்கள்" என்றதும் போட்டுக்கொண்டார். குடியிருப்பு வளாகங்களில் ஒப்பந்தம் தருபவர்கள் நம் விலைப்புள்ளியைவிட இந்த பெல்ட்டையும் தலைக்கவசத்தையும்தான் உற்றுப் பார்க்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2025 ஜனவரி 26

வேப்பமரங்கள் காய்கின்றன என்று மறுபடியும் அழைப்புகள். நுனிக்கிளைகள் தீயில் கருகியதுபோல் பழுப்பாகி, தெருவில் பார்க்கும் மரமெல்லாம் செத்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றும். தேயிலைக் கொசு என்னும் நாவாய்ப்பூச்சி இளந்தளிரில் சாறு உறிஞ்சுவதும், அந்தக் காயத்தில் பூஞ்சை சேர்ந்துகொள்வதும் காரணங்கள். வெயில் ஏறியதும் பெரும்பாலான மரங்கள் தாமாகவே துளிர்த்துவிடும். இந்த ஒரு மாதத்தில் "மரம் பட்டுவிட்டது, வெட்டிவிடுங்கள்" என்று சொல்லப்பட்ட வேம்புகளையெல்லாம் வெட்டியிருந்தால் நல்ல வருமானம் வந்திருக்கும். விறகுக்காரர்களுக்கு வந்தும் இருக்கிறது.

நான் சொல்வது: கிளையில் நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் சித்திரை வரை பொறுங்கள், தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். இதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை என்று எழுதினால், அப்படியானால் பெட்ரோல் செலவு யார் தருவது என்று தம்பி கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் சென்ற ஜூனில் சொன்னதுபோல் எல்லாவற்றுக்கும் நேரில் போகாமல், இதற்கு மட்டும் படமும் காணொளியும் அனுப்பச் சொல்லிப் பதில் தருகிறேன். சித்திரையில் மரம் துளிர்த்ததும் அந்த வீட்டார் குழுவில் எழுதும் இரண்டு வரி, நான் அச்சடித்த எந்த நோட்டீசும் கொண்டுவராத அழைப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது.

2025 மார்ச் 9

ஜூலை மாதத்துச் சிறு குறிப்பை மாற்ற வேண்டியிருக்கிறது. "மரம் வெட்டித் தரப்படும்" என்ற சொற்களைத் தவிர்க்கச் சொல்லியிருந்தேன். ஈரோட்டு நண்பர் ஒருவர் தம் பக்கத்தில் அதைச் சேர்த்துப் பார்த்து, அழைப்புகள் கூடியதாக எழுதியிருக்கிறார். மனிதர்கள் கவாத்து என்று தேடுவதில்லை, மரம் வெட்ட ஆள் என்றுதான் தேடுகிறார்கள். தேடும் சொல்லில் நாம் இல்லையென்றால் அவர்கள் நேராக வியாபாரியிடம் போகிறார்கள். இப்போது நானும் சேர்த்திருக்கிறேன். வெட்ட அழைத்தவர்களில் கணிசமானோர், நேரில் போய்ப் பேசியபின் கவாத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்கிற நிலையில் உண்மையாகவே இருக்கும் மரங்களும் உண்டு: அடித்தண்டில் காளான் தட்டு முளைத்த குல்மொகர், வேர் ஒருபக்கம் வெட்டப்பட்ட பெருங்கொன்றை, தஞ்சாவூர் வாடல் முற்றிய தென்னை. 2016 வர்தா புயலில் சென்னையில் அந்த முதல் இரண்டு வகை மரங்கள் விழுந்த விதத்தைப் பார்த்தவர்கள் அவற்றைக் காப்பாற்றுகிறேன் என்று பிடிவாதம் பிடிக்கமாட்டார்கள்.

அப்படி வெட்டும்போதும் விறகை எடுத்துக்கொள்ளலாமா என்று அடுத்த கேள்வி வரும். இறந்த மரத்துக்கு மரக்கடைக்காரர்களே பொருத்தமானவர்கள் என்று திருப்பூர்க்காரருக்குச் சொன்னதை வேர் போன மரத்துக்கும் நீட்டித்து, விறகை நானே எடுத்துக்கொள்ளலாம்தான். நான் எடுத்துக்கொள்வதில்லை. இந்த மரம் நிற்காது என்று முடிவு சொல்கிறவனும் அதன் விறகை விற்கிறவனும் ஒரே ஆளாக இருந்தால், அந்த முடிவை வீட்டுக்காரர் எதற்காக நம்ப வேண்டும்? இப்போது முடிவை நான் எழுதிக் கொடுக்கிறேன். விறகுக்கு வியாபாரியை வீட்டுக்காரரே அழைத்து விலை பேசிக்கொள்கிறார். மரத்தை இறக்கும் கூலி தனியாக எனக்கு வருகிறது. இதே முறையில் பழைய விறகுக்காரர்கள் இருவர் என்னோடு ஒத்துழைக்கிறார்கள், அவர்களே சில நேரம் கவாத்து வேலையை எனக்கு அனுப்புகிறார்கள்.

2025 மே 18

தம்பிக்கு முதல் வளாக ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது என்று படித்தேன். பவர் ரம்பம் இன்னொன்று வாங்கலாமா, பழைய கிரேன் வண்டியில் பங்கு சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிரேன் வேண்டாம், அது தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்து விலைப்புள்ளியில் தனி வரியாகப் போடுங்கள். வாங்கிவிட்டால் அதற்கு வேலை தேடுவதே வேலையாகி, கிரேன் தேவைப்படாத மரத்திலும் கிரேன் ஏறும். ரம்பம் வாங்குங்கள், ஒன்று பழுதானால் அன்றைய நாள் முழுவதும் போய்விடுகிறது. கூடவே நல்ல கைரம்பங்கள் இரண்டு வாங்குங்கள், கவாத்தில் பெரும்பகுதி அதில்தான் நடக்கிறது.

ஆடிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. சென்ற ஆண்டு வாடிக்கையாளர் எல்லோருக்கும் இந்த வாரமே செய்தி அனுப்பி, கூரைப் பக்கத்துக் கிளைகளை இப்போதே பார்த்துவிட நாள் கேளுங்கள். காற்று தொடங்கிய பிறகு கேட்டால் உங்களுக்கும் நாள் இராது, அவர்களுக்கும் பொறுமை இராது.